அரைச் சாண் நாடாவில் ஒரு சின்னம்: பழைய டெக்கைச் சரிசெய்து எடுத்தவை

தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரித்த நிறுவனங்களின் சின்னங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தொடருக்கு முன்னாலோ முடிவிலோ நாலைந்து விநாடி வந்து போகுமே, அவைதான். சினிமாச் சின்னங்களைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. ஜெமினியின் கொம்பு ஊதும் இரட்டைக் குழந்தைகளும் கவிதாலயாவின் திருவள்ளுவரும் படத்தோடு ஒட்டியே இருந்ததால் பிழைத்துக்கொண்டன. தொடர்களில் அப்படி இல்லை. மறு ஒளிபரப்பிலும் சரி, இணையத்தில் ஏற்றும்போதும் சரி, முதலில் வெட்டுப்படுவது தயாரிப்பாளரின் சின்னம். தப்பித்தவறிக் கிடைத்தாலும் அசையாத படமாகத்தான் கிடைக்கிறது.

அசையாத படம் எனக்குப் போதாது. சின்னம் எப்படிச் சுழன்றது, எந்த இசையோடு வந்து நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சின்னம். அது காலத்துக்குக் காலம் ஏன் மாறியது என்பதும் அந்த அசைவில்தான் தெரியும். அதற்கு மிச்சமிருக்கும் மூலம் வீடுகளில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட்.

டெல்டாவில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஜெமினியைக் கட்டிய எஸ்.எஸ்.வாசன் பிறந்தது திருத்துறைப்பூண்டி. கவிதாலயாவின் கே.பாலசந்தர் பிறந்தது நன்னிலம். இரண்டு பேரின் வழியும் பிறகு சின்னத்திரைக்கு வந்தது. பாலசந்தருக்கு மின்பிம்பங்கள் என்ற தொடர் நிறுவனம் இருந்தது. வாசனின் விகடன் குடும்பத்திலிருந்து விகடன் டெலிவிஸ்டாஸ் வந்து, 2003 முதல் 2009 வரை ‘கோலங்கள்’ தொடரை நடத்தியது.

கேசட்டுகள் பெரும்பாலும் திருத்துறைப்பூண்டி அத்தை வீட்டிலிருந்து வந்தவை. அந்த வீட்டு ஆண்கள் சிங்கப்பூரில் இருந்தார்கள். கேசட்டை ஓட்டவும் பதியவும் பயன்படும் டெக்கும் அங்கிருந்துதான் வந்தது. வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வந்ததும் பார்க்கட்டும் என்று அத்தை வாராவாரம் தொடர்களைப் பதிவு செய்து, கேசட் முதுகில் பேனாவால் தேதி எழுதி அடுக்கி வைத்திருந்தார். விளம்பரம் வந்தால் பாஸ் பட்டனை அழுத்திவிடுவது அவர் வழக்கம். அதனால் பல பாகங்களில் சின்னம் பாதியில் தொடங்கும், அல்லது வந்த கையோடு அறுந்துவிடும். முழுசாகக் கிடைத்தவை எல்லாம் அவர் அடுப்படிக்குப் போயிருந்த நேரத்தில் பதிவானவையாக இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது அந்த வீட்டு ஓடுகள் போயின. கேசட் பெட்டிக்கு மேல் ஒரு தார்ப்பாய் விழுந்து மூடிக்கொண்டதால் கேசட்டுகள் நேரடியாக நனையவில்லை. ஆனால் ஈரம் உள்ளே இறங்கி, கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தாலே தெரியும் அளவுக்கு நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது.

டெக்

டெக்கை மன்னார்குடி தேரடிப் பக்கம் இருக்கும் டிவி மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். இப்போது அவர் எல்ஈடி டிவி பேனல்தான் பார்க்கிறார். மூடியைக் கழற்றியதுமே முகம் மாறிவிட்டது.

“தம்பி, இத நான் தொட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கேசட்ட உள்ள வாங்கிட்டு உடனே துப்புதா?”

“ஆமாண்ணே. ரெண்டு விநாடி சத்தம் கேக்குது, அப்புறம் வெளிய தள்ளிடுது.”

“அப்ப ஹெட்டுல கோளாறு இல்ல. மோட் சுவிட்ச் பாரு, பெல்ட்டப் பாரு.”

அவர் சொன்னது சரி. கேசட்டை உள்ளே இறக்கி நாடாவை டிரம்மில் சுற்றும் வேலையைச் செய்யும் சின்ன மோட்டாரின் ரப்பர் பெல்ட் தளர்ந்து வழுக்கியது. நாடா இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று டெக்குக்குச் சொல்வது மோட் சுவிட்ச். அதன் உள் தகடுகள் கறுத்திருந்தன. டெக் பாதி வழியில் குழம்பி, பாதுகாப்புக்காகக் கேசட்டை வெளியே தள்ளியது. சுவிட்சைப் பிரித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, புது பெல்ட் போட்டோம். பெல்ட்டுக்குப் பதில் கல்லாப்பெட்டி ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுவது அந்தக் காலத்துப் பழக்கம். அது ஒரு வெயிலுக்குத் தாங்காது, வேண்டாம். பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்ததையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தொட்டு வைத்தோம். நாடாவை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளை பளபளவென்று வழவழத்துப் போயிருந்தது. அதை ஆல்கஹாலில் துடைத்ததும் பிடிப்பு வந்துவிட்டது.

நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்வதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலருடைய டெக் செத்துப்போகிறது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் ஒன்று, சாய்வாக உட்கார்ந்து, நிமிடத்துக்கு 1500 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு ஹெட். ஒவ்வொன்றும் மயிரிழை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துணியை மேலும் கீழுமாகத் தேய்த்தால் முனை உடைந்துவிடும். ஆல்கஹால் நனைத்த ஆட்டுத்தோல் துண்டை டிரம்மின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்ற வேண்டும். துண்டு நிற்கும், டிரம்தான் நகரும். அண்ணன் சுற்றும்போது துண்டில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. இன்னொரு துண்டு, இன்னொரு கோடு. கோடு விழுவது நிற்கும் வரைக்கும் செய்தோம்.

டிரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு ஹெட்டும் ஆளுக்கு ஒரு ஃபீல்டை, அதாவது படத்தின் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளைப் படிக்கின்றன. இரண்டு ஃபீல்டு சேர்ந்தால் ஒரு ஃப்ரேம். ஆக விநாடிக்கு 25 ஃப்ரேம், 50 ஃபீல்டு. இந்த 50 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பூசணம்

பூசணம் பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போடக் கூடாது. ஹெட் அடைத்துக்கொள்வது போக, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். முதலில் மார்கழி போய் நல்ல வறட்டு வெயில் வரும் வரை காத்திருந்தேன். வெயிலில் வைப்பதற்கு அல்ல, வெயில் நாடாவைக் கெடுத்துவிடும். காற்றில் ஈரம் குறைய வேண்டும், அதுதான் காரணம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டுகளை வைத்து நன்றாக உலரவிட்டேன். உலர்ந்த பூசணம் பொடியாக உதிரும், ஈரப் பூசணம் ஈஷிக்கொள்ளும்.

துடைப்பதற்கு ரீவைண்டர்தான் கைகொடுத்தது. வீடியோ கடைகளில் கேசட்டைத் திருப்பிச் சுற்ற வைத்திருப்பார்களே, கார் பொம்மை வடிவத்தில்கூட வரும், அதேதான். அதில் நாடா எந்த ஹெட்டிலும் படாமல் ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்கு நேராகப் போகும். மூடியை வெட்டி, நாடா போகும் பாதையின் இரு பக்கமும் பஞ்சு உதிராத துணியைப் பொருத்தினேன். அங்குலம் அங்குலமாக ஓட்டி, துணியை அடிக்கடி மாற்றி, முன்னும் பின்னும் சுற்றினேன். இதை வாசலில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அந்தப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டை அடியிலுள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றித் திறந்து, உட்புறத்தையும் துடைத்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால், கேசட் முதுகில் இருக்கும் பதிவுப் பாதுகாப்புத் துண்டை உடைத்துவிட வேண்டும். அப்போதுதான் தெரியாமல் ரெக்கார்டு பட்டனில் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

விஎச்எஸ் நாடா சாதாரண வேகத்தில் விநாடிக்கு 23.39 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஐந்து விநாடிச் சின்னம் என்றால் 12 சென்டிமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய அரைச் சாண். அதில் ஒரு விரல்கடைப் பூசணம் தின்றாலே சின்னத்தில் ஒரு விநாடி போய்விடும். துடைக்கும்போது ஒவ்வொரு கேசட்டிலும் எனக்கு இந்தக் கணக்குதான் மனதில் ஓடியது.

கணினிக்குள்

பழைய நாடா இழுபடும், சுருங்கும். அதனால் படத்தின் கோடுகள் துல்லியமான நேரத்துக்கு வந்து சேராது. டியூப் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், படத்தைக் கணினிக்குள் வாங்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி பொறுத்துக்கொள்ளாது. ஃப்ரேம்களை விட்டுவிட்டுப் போகும், அல்லது படத்தின் மேல்முனை கொடி போல ஒரு பக்கமாக வளையும். டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து, அதன் வழியாகப் படத்தைக் கடத்தினால் இது பெருமளவு நேராகிவிடும். எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்வதில்லை. பானசோனிக்கின் இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை.

விர்ச்சுவல்டப் மென்பொருளில், 720-க்கு 576 அளவில், ஹஃப்யூவி என்ற இழப்பில்லாத முறையில் பதிந்தேன். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். சின்னம் ஐந்து விநாடிதானே, எம்பி4 போதாதா என்று கேட்கலாம். போதாது. சுழலும் பொன்னெழுத்தும் மின்னும் நட்சத்திரமும் சுருக்கும் முறைகளுக்குப் பரம விரோதி. கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

அப்புறம் அந்த 50. கணினியில் பார்ப்பதற்காக ஃபீல்டுகளை ஃப்ரேமாக மாற்றும்போது பெரும்பாலான மென்பொருள்கள் பாதியைத் தூக்கிப் போட்டு விநாடிக்கு 25 ஆக்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்கு அது பெரிய நஷ்டமில்லை. சுழலும் சின்னத்துக்கு உயிரே போய்விடும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் பிடபிள்யூடிஃப் வடிகட்டியைப் போட்டு, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக எடுத்து, 50 படமாகவே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு டியூப் டிவியில் பார்த்த வழுவழுப்பு அப்படியே திரும்பி வந்தது.

பார்த்தவை

சின்னங்களை வரிசைப்படுத்தி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது, அவை மாறியது ரசனையால் மட்டும் இல்லை என்று தெளிவாகிறது. ஒவ்வொரு காலத்திலும் கையில் இருந்த கருவி எதைச் சுலபமாகச் செய்ததோ, அது சின்னத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சென்னைத் தூர்தர்ஷனின் 13 வாரத் தொடர் காலத்தவை பெரும்பாலும் அட்டையில் தூரிகையால் எழுதி கேமராவின் முன் வைத்தவை. அசைவு என்றால் இருளிலிருந்து வெளிச்சம், மறுபடி இருள், அவ்வளவுதான். எழுத்துகள் தடித்தவை, நடுவில் நிற்பவை. டியூப் திரையின் ஓரம் வளைந்து படத்தைத் தின்னும் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. தூர்தர்ஷனின் கண் சின்னமே அப்படிக் கையால் பிறந்ததுதான். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழக மாணவர் தேவாஷிஸ் பட்டாச்சாரியா வரைந்தார். ஓவியப் பிரதிகளைக் கேமராவின் கீழ் வைத்துச் சுழற்றிப் படமெடுத்து அசைவு கொடுத்தார்கள். பண்டிட் ரவிசங்கரோடு உஸ்தாத் அலி அகமது உசேன் கான் அமைத்த இசையோடு அது 1976-ல் திரைக்கு வந்தது.

அமெரிக்காவிலும் முதலில் இப்படித்தான். தொடர் தயாரிப்பாளர் ஜாக் வெப்பின் மார்க் VII நிறுவனச் சின்னத்தில் இரண்டு கைகள் சுத்தியலால் முத்திரையை அடிக்கும். நடிகை மேரி டைலர் மூரின் எம்டிஎம் நிறுவனம் எம்ஜிஎம் சிங்கத்தைக் கிண்டல் செய்து 1970-ல் ஒரு பூனைக்குட்டியை உட்காரவைத்தது. தயாரிப்பாளர் ஸ்டீபன் கேனல் தன் சின்னத்தில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். காகிதத்தை உருவி எறிய, அது பறந்து போய் ‘சி’ எழுத்தாக நிற்கும். இந்தக் கைவேலைச் சின்னங்களுக்கு நடுவே டென்வரில் லீ ஹாரிசன் உருவாக்கிய ஸ்கேனிமேட் வந்தது. டியூப் திரையில் எழுத்தை வளைத்து நெளித்து அதையே மறுபடி படமெடுக்கும் அனலாக் கணினி அது. எழுபதுகளின் அமெரிக்கச் சின்னங்களில் எழுத்துகள் தகதகவென்று ஒளிர்ந்து நெளிவதற்கு அந்த ஒரு யந்திரமே பெரிய காரணம்.

நம்மிடம் பெரிய திருப்பம் 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்த பிறகு. தயாரிப்பாளர்கள் சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரத்தையும் தாங்களே பிடித்துத் தொடரை நடத்தும் முறை பரவியது. நிறுவனத்தின் பெயர் விளம்பரதாரருக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் சின்னம் பெரிதானது, இசை சேர்ந்தது. 1990-ல் வெளிவந்த 3டி ஸ்டூடியோ போன்ற மென்பொருள்களால் சாதாரண கணினியிலேயே எழுத்துக்குக் கனமும் பளபளப்பும் கொடுக்க முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கேசட்டுகளில் வரும் சின்னங்களில் முக்கால்வாசி பொன்னெழுத்து, நீல வானம், நட்சத்திரம்.

அவற்றில் ஒரு சிறு நிறுவனத்தின் சின்னத்தை ஃபீல்டு ஃபீல்டாக நகர்த்திப் பார்த்தேன். பெயர் பின்னாலிருந்து சுழன்று முன்னால் வந்து நிற்கிறது. நிற்கும் முன் கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, பிறகுதான் நிற்கிறது. கண்ணுக்குப் பிடிபடாத அளவு சின்ன ஆட்டம், ஆனால் எழுத்துக்கு எடை இருப்பதாகத் தோன்றவைப்பது அதுதான். செய்தவர் யாரோ, அவர் கைக்கு மரியாதை செய்ய வேண்டும். இன்னொன்று: ‘ப’வின் அடிக்கோட்டை அவர் வேண்டுமென்றே தடிக்கவைத்திருக்கிறார். அந்தத் திரையில் ஒற்றைக் கோட்டின் தடிமனே இருந்தால், அது இரண்டு ஃபீல்டில் ஒன்றில் மட்டும் விழுந்து படபடவென்று துடிக்கும். தமிழில் ப, ட, ம என்று கிடைக்கோடுள்ள எழுத்துகள் ஏராளம். பட்டுப் பட்டுத்தான் கற்றிருப்பார்கள்.

நிறமும் அப்படியே. விஎச்எஸ் நிறத்தை மிகக் குறைந்த நுணுக்கத்தில்தான் பதியும், சிவப்பு ஓரம் தாண்டி வழியும். மஞ்சள் எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டிய சின்னங்கள் இத்தனை காலம் கழித்தும் தெளிவாகப் படிக்க முடிகின்றன. சிவப்பு எழுத்துச் சின்னங்கள் சிலவற்றில் பெயரையே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்பாராத ஒன்று கிடைத்தது. ஒரு கல்யாணக் கேசட்டின் மிச்ச நாடாவில் அத்தை தொடரைப் பதிவு செய்திருந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் ஊர் வீடியோ ஸ்டூடியோவின் பெயர் சுழன்று வருகிறது: அதே பொன், அதே நட்சத்திரம், தாண்டிப் போய்த் திரும்பும் ஆட்டம்கூட அதேதான். டிவி சின்னத்தைப் பார்த்து நம் ஊர் ஸ்டூடியோக்காரர் செய்துகொண்டது. இந்தக் கல்யாண வீடியோச் சின்னங்களும் தொகுப்பில் சேர வேண்டியவை என்று முடிவு செய்துவிட்டேன். தனிப்பட்ட குடும்பக் காட்சிகளை விட்டுவிட்டு, சின்னத்தை மட்டும், வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு எடுக்கிறேன்.

மெருகேற்றுவது பற்றி

செயற்கை நுண்ணறிவால் படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் மென்பொருளை ஒரு சின்னத்தில் ஓட்டிப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. ஆனால் பெயரில் இருந்த மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’ ஆகிவிட்டது. ஒரு மெய்யெழுத்தின் புள்ளி, பின்னணி நட்சத்திரங்களோடு நட்சத்திரமாகப் போய்விட்டது. இதை வெளியிட்டால் இனி இருநூறு பேர் அந்தப் பெயரைத் தப்பாகவே பகிர்வார்கள். ஆகவே தொகுப்பில் அதற்கு இடமில்லை. படத்தின் அடிமுனையில் ஹெட் மாறும்போது விழும் கீறலைக்கூட வெட்டவில்லை. இசையிலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை மட்டும் லேசாகக் குறைத்தேன். அதற்கு மேல் இரைச்சலை நீக்கினால் கடைசி மணியோசையின் வால் அறுந்துவிடுகிறது.

இப்போதைய தொடர்களைத் தேடிப் போனால் சின்னம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் 1994-லேயே என்பிசி சேனல், இறுதிப் பெயர்ப் பட்டியலை ஓரமாக ஒதுக்கிவிட்டு மீதித் திரையில் அடுத்த நிகழ்ச்சியைக் காட்டத் தொடங்கியது. அந்த நெருக்கடியிலும் தொடர் தயாரிப்பாளர் சக் லாரி 1997-ல் ஒரு வழி கண்டார். ஒரே விநாடி வரும் அட்டையில் ஒரு பக்கம் எழுதி வைத்தார். பதிவு செய்து, பாஸ் அழுத்தினால்தான் படிக்க முடியும். நம்மிடம் சேனலே பணம் கொடுத்துத் தொடரைச் செய்விக்கும் முறை வந்ததும், தயாரிப்பாளர் தன் பெயரை முன்னிறுத்தும் தேவை குறைந்துவிட்டது. ஓடிடியில் அடுத்த பாகம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

அடுத்து வேதாரண்யம் பக்கத்து உறவினர் வீட்டுக் கேசட்டுகள் வரவிருக்கின்றன. உயரக் கம்பமும் பூஸ்டரும் வைத்து ரூபவாகினி பார்த்த வீடு அது. 1982-ல் தொடங்கிய அந்த ஒளிபரப்பில் இலங்கைத் தமிழ் நிகழ்ச்சிகள் ஏதாவது பதிவாகியிருந்தால் வரிசையில் ஒரு புதுக் கிளை சேரும். நான் போய்ச் சேரும் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம், ரீவைண்டு செய்யவும் வேண்டாம், புத்தகம் போல நிமிர்த்தி வைத்து, பதிவுத் துண்டை மட்டும் உடைத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.